எம்ஜிபியின் எக்ஸோஸ்ற் சிவந்தால் எந்தக் கருவியை முதலில் எடுப்பது?

எம்ஜிபி என்ற பழைய பிரித்தானிய ஸ்போர்ட்ஸ் காரில், இருட்டில் எக்ஸோஸ்ற் மனிபோல்ட் (சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வெளியே அனுப்பும் வார்ப்பிரும்புக் குழாய்) மங்கிய சிவப்பாய்த் தெரிந்தால் இரும்பு 500 பாகை செல்சியசைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். ஏ9 வீதியில் கிளிநொச்சி வரை ஓடி வந்த பிறகு லேசாகச் சிவப்பது பழைய வார்ப்பிரும்புக்குப் புதிதல்ல. கராச்சில் ஐடிலில் (அக்சிலரேற்றர் மிதிக்காமல்) நின்றபடியே சிவந்தால் நிச்சயம் பிழை. சிலிண்டருக்குள் முடிய வேண்டிய எரிதல், எக்ஸோஸ்ற் வால்வு திறந்த பிறகும் தொடர்கிறது. டைமிங் (பிளக் தீ மூட்டும் நேரம்) பிந்தியிருக்கலாம், காற்றும் பெற்றோலும் சேர்ந்த கலவையில் பெற்றோல் குறைந்திருக்கலாம், வால்வு ஒழுகலாம், பின்னால் பாதை அடைத்திருக்கலாம். இவற்றைப் பிரித்தறிய மூன்று கருவிகளைச் சொல்வார்கள்: ரெம்பரேச்சர் கன், வக்யூம் கேஜ், எக்ஸோஸ்ற் அமுக்கக் கேஜ்.

ரெம்பரேச்சர் கன்னைத்தான் பலரும் முதலில் வாங்குகிறார்கள். கொரோனா காலத்தில் நெற்றிக்குப் பிடித்த கன் இதற்கு உதவாது. அது உடற்சூட்டு எல்லைக்குள் மட்டும்தான் காட்டும். மலிவான தொழிற்சாலைக் கன்கள் சில 380 பாகையோடு நின்றுவிடும். 550 வரை காட்டுவதாவது வேண்டும். துருப்பிடித்த வார்ப்பிரும்பில் அளவு ஓரளவு சரியாக வரும். பளபளக்கும் ஸ்ரெயின்லெஸ் குழாயில் உண்மையை விடக் குறைவாகவே காட்டும். சோக்கட்டியால் புள்ளி போட்டு, எஞ்சினை நிமிடத்துக்கு 2000 சுற்றில் மூன்று நிமிடம் பிடித்து, ஒரே தூரத்தில் நின்று அளக்க வேண்டும். தனி எண்ணை நம்பாமல் புள்ளிகளுக்கிடையே உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள்.

எம்ஜிபியில் கன்னோடு ஏமாறக்கூடிய இடம் ஒன்று இருக்கிறது. பழைய ஒஸ்ரின் கேம்பிரிட்ஜில் இருந்த அதே பி-சீரிஸ் குடும்பத்து எஞ்சின்தான் இதிலும். நான்கு சிலிண்டருக்கு எக்ஸோஸ்ற் வாய் மூன்றுதான். 2-உம் 3-உம் நடுவாயைப் பகிர்கின்றன. ஆகவே நடுவாய் எப்போதும் கூடச் சுடும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். முன்வாய்க்கும் பின்வாய்க்கும் இடையே பெரிய வித்தியாசம் தெரிந்தால்தான் யோசிக்க வேண்டும். முன் காபரேற்றர் 1, 2 சிலிண்டர்களுக்கும் பின் காபரேற்றர் 3, 4 சிலிண்டர்களுக்கும் ஊட்டுவதால், முன்வாய் மட்டும் கொதித்தால் முன் காபரேற்றரையோ அதன் கேஸ்கெற்றையோ சந்தேகிக்கலாம். மூன்றும் சேர்ந்து சுட்டால் கன் அதற்கு மேல் எதுவும் சொல்லாது. எங்கே சுடுகிறது என்று காட்டுவதோடு அதன் வேலை முடிந்தது.

ஏன் சுடுகிறது என்று சொல்வது வக்யூம் கேஜ். எஞ்சின் உறிஞ்சும் அளவை அது காட்டும். இன்லெற் மனிபோல்டில் (காபரேற்றரிலிருந்து சிலிண்டருக்குக் கலவை போகும் குழாயில்) நேரடியாகப் பூட்டுங்கள். பிறேக் சேர்வோ குழாய் இருந்தால் அது போதும். 1960களின் வண்டிகளில் காபரேற்றரிலிருந்து டிஸ்ரிபியூற்றருக்கு (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிர்ந்து விடும் பாகத்துக்கு) போகும் மெல்லிய குழாயில் பூட்டினால் ஐடிலில் ஒன்றும் காட்டாது, எஞ்சினைத்தான் வீணாகக் குறை சொல்ல நேரும். சூடான, சுகமான எஞ்சின் ஐடிலில் 17 முதல் 21 அங்குலம் (பாதரச அளவு) வரை அசையாமல் நிற்கும். யாழ்ப்பாணம் கடல் மட்டத்தில் இருப்பதால் கழிக்கக் கூட்ட எதுவும் இல்லை. நுவரெலியாவில் அதே எஞ்சின் ஆறு அங்குலம் வரை குறைத்துக் காட்டும்.

முள் அசையாமல் 14, 15-இல் தாழ்ந்து நின்றால் டைமிங் பிந்தியிருக்கிறது, அல்லது எங்கோ காற்று இழுக்கிறது. டிஸ்ரிபியூற்றரின் கிளாம்பைத் தளர்த்தி உடலை மெல்ல வலஞ்சுழியாகத் திருப்புங்கள் (இதில் உள்ளே சுழலும் ரோட்டர் இடஞ்சுழி, அதற்கு எதிராகத் திருப்பினால் டைமிங் முந்தும்). முள் ஏறி, சுற்றும் கூடினால் பிழை டைமிங்கில். முள் சீரான தாளத்தில் விழுந்து விழுந்து எழும்பினால் ஒரு வால்வு ஒழுகுகிறது. ஈயம் இல்லாத பெற்றோலில் பழைய ஹெட்டின் வால்வு இருக்கை தேய்ந்து, 0.015 அங்குல ரப்பெற் இடைவெளி (வால்வு முழுதாக மூட விடும் இடைவெளி) தானாகவே மூடிக்கொள்ளும். பிறகு எக்ஸோஸ்ற் வால்வு கருகும். 2500 சுற்றில் பிடித்திருக்கும்போது முள் மெல்ல மெல்ல இறங்கினால் பின்னால் அடைப்பு.

யாழ்ப்பாணத்தில் அதிகம் அகப்படுவது டைமிங்தான். எம்ஜிபியின் அமுக்க விகிதம் 8.8. இங்கிலாந்தின் 97 ஒக்டேன் பெற்றோலுக்கு வைத்த கணக்கு அது. 92-ஐ ஊற்றியதும் ஏற்றத்தில் கடகடவென்று நொக்கிங் கேட்கும், உடனே டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளிவிடுவார்கள். சத்தம் போய்விடும், சூடு சைலன்சருக்கு இடம் மாறிவிடும். போர்க்காலப் பெற்றோல் தடையின்போது பெற்றோல் காட்டி ஸ்ராட் எடுத்து மண்ணெண்ணெயில் ஓடிய ஊர் இது; பின்னுக்குத் தள்ளிக் கேட்கும் கை அப்படியே பழகிவிட்டது. 95-ஐ ஊற்றி, எம்ஜிபியின் 18ஜி வகை எஞ்சினுக்கு, அது நின்ற நிலையில், பிஸ்ரன் உச்சிக்கு முன் 10 பாகை என்று வைப்பதுதான் வழி. ஸ்ரோப் லைற்றில் (டைமிங் குறியைக் காட்டும் மின்னும் விளக்கில்) சுற்றுக் கூடக் கூடக் குறி முன்னேறவும் வேண்டும். உப்புக்காற்றில் டிஸ்ரிபியூற்றருக்குள் இருந்து சுற்றுக்கேற்ப டைமிங்கை முன்னேற்றும் எடைகள் துருவேறி இறுகினால் ஐடிலில் எல்லாம் சரியாகக் காட்டும், ஓட்டத்தில் அளவு மீறிச் சிவக்கும். அந்த மெல்லிய குழாய் போய்ச் சேரும், டிஸ்ரிபியூற்றரின் வக்யூம் கப்சூலைச் சோதிக்கக் கருவி தேவையில்லை. குழாயை வாயால் உறிஞ்சி நாக்கால் அடைத்தால் உள்தட்டு அசைந்து அப்படியே நிற்க வேண்டும். திரும்பி வந்தால் டயபிரம் கிழிந்திருக்கிறது.

டைமிங்கைத் திருப்பியும் முள் ஏறாவிட்டால் கலவையைப் பாருங்கள். எஸ்யூ காபரேற்றரின் பிஸ்ரனை ஒரு மில்லிமீற்றர் அளவு மட்டும் தூக்குங்கள். சுற்று ஒரு கணம் ஏறி அடங்கினால் சரி. ஏறியபடியே நின்றால் பெற்றோல் கூட, விழுந்தால் குறைவு. குறைவென்றால் காபரேற்றரின் அடியிலுள்ள ஜெற் நட்டை ஒரு முகம் இறக்கிவிட்டு மறுபடி பாருங்கள். காற்றுக் கசிவைத் தேடக் காபரேற்றர் கிளீனர் அடிக்க வேண்டாம். இந்த எஞ்சினில் காபரேற்றருக்கு நேர் கீழேதான் சிவந்த மனிபோல்ட். தூரிகையால் எஞ்சின் ஒயில் தடவினால் போதும், கசிகிற இடத்தில் ஒயில் உள்ளே இழுபடும்.

மூன்றாவது கருவியான எக்ஸோஸ்ற் அமுக்கக் கேஜை எக்ஸோஸ்ற் குழாயின் ஒக்சிஜன் சென்சர் துளையில் பூட்ட வேண்டும். எம்ஜிபியில் அந்தத் துளையே இல்லை. அதற்காகக் குழாயைத் துளைத்து நட் ஒட்டுவது வீண்வேலை. மஸ்டா எம்எக்ஸ்-5 போன்ற, கற்றலிற்றிக் கொன்வேர்ட்டர் (புகையைச் சுத்திகரிக்கும் பெட்டி) உள்ள வண்டி என்றால் கதை வேறு. 2500 சுற்றில் அமுக்கம் 3 பிஎஸ்ஐக்கு மேல் போனால் கொன்வேர்ட்டர் உள்ளே உருகி அடைத்திருக்கும். அதை மாற்றுவதற்கு முன் மிஸ் ஆகும் பிளக்கைத் தேடுங்கள். எரியாத பெற்றோல் கொன்வேர்ட்டருக்குள் எரிந்துதான் அது உருகுகிறது. புதியதும் அப்படியே போய்விடும்.

ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால் வக்யூம் கேஜ். கன் இரவல் கிடைத்தாலும் போதும், திருத்துவதற்கு முன்னும் பின்னும் ஒரே சோக்குப் புள்ளியில் ஒருமுறை பிடிக்க. அதுவரை வண்டியைக் காய்ந்த புல்லின் மேலோ பனையோலை வேலியோரமோ நிறுத்த வேண்டாம். சிவந்த மனிபோல்டில் தண்ணீர் ஊற்றவும் வேண்டாம், வார்ப்பிரும்பு வெடித்துவிடும்.