உழவு மெசினைக் கைட்ரோலிக் வேலைக்குக் கொடுக்கிறவர்கள் கவனம்: என்னுடைய 165,000 ரூபா போய்விட்டது

நேற்று இரவு நித்திரையே இல்லை. கோபம் ஆறமுதல் எழுதிவிடுகிறேன். வன்னியில் பழைய மாசி பேர்கசன் ரக்ரர் வைத்திருக்கிற ஒருவராவது தப்பட்டும்.

எங்களுடையது அதில் 135 மொடல். அப்பா வாங்கியது. 2009இல் விசுவமடுவில் விட்டுவிட்டுத்தான் வெளிக்கிட்டோம். திரும்பி வந்து பார்த்தபோது டயரும் இல்லை, பற்றரியும் இல்லை, கறள் பிடித்த உடம்பு மட்டும் நின்றது. 2011இல் அப்பாவும் நானும் ஒவ்வொன்றாகக் கழற்றித் துடைத்துப் பூட்டி ஓடவைத்தோம். கலப்பையைத் தூக்குகிற லிப்டுக்கு ஒயிலைத் தள்ளுகிற கைட்ரோலிக் பம்பைப் பூட்டுகிற அன்று அப்பா அதன் பக்கத்தில் சென்ரர் பஞ்ச் என்கிற கூர் ஆணியால் மூன்று பொட்டு அடித்தார். அந்த மூன்று பொட்டுக்குப் பிறகு வருகிறேன்.

காலபோக உழவு தொடங்கின கையோடு லிப்ட் பிழைத்தது. கலப்பையைத் தூக்கும், ஆனால் பிடித்து வைத்திருக்காது. தலையாட்டுகிற மாதிரி ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். என்ஜினை நிறுத்தினால் ஒரு நிமிடத்துக்குள் கலப்பை நிலத்தில். ஒயில் அளவு சரியாக இருந்தது. நிறமும் பால் மாதிரி வெளுக்கவில்லை, ஆகவே தண்ணீர் கலக்கவில்லை. எனக்கு அதற்கு மேல் தெரியாது. ஏ9 வீதியோரத்தில் உள்ள ஒரு கராஜுக்குக் கொண்டுபோனேன்.

முதலாளி ஒரு ஆணியைக்கூடக் கழற்றவில்லை. தேத்தண்ணி வரவழைத்துத் தந்தார். மெசினைச் சுற்றி வந்து மட்காட்டில் கையை வைத்துக்கொண்டு சொன்னார்: "உங்கட அப்பாவை எனக்கு நல்லாத் தெரியும் தம்பி. அவற்ர மெசினுக்கு நான் பிழை செய்வனே? பம்ப் முடிஞ்சுது. புதுசு போட்டால் பத்து வருசத்துக்குத் திரும்பிப் பார்க்கத் தேவையில்லை."

அப்பா இறந்து நாலு வருடம். அவருடைய பெயரைச் சொன்னதும் நான் வேறு கேள்வி கேட்கவில்லை. மனைவியின் காப்பை அடகு வைத்து 165,000 ரூபாவையும் முழுதாகக் கையில் கொடுத்தேன். பில் கேட்டதற்கு "எங்களுக்குள்ள என்ன தம்பி, பிறகு எழுதித் தாறன்" என்றார். பழைய பம்பைக் கேட்டேன். இரும்புக்குப் போட்டாயிற்றாம்.

புது ஒயிலோடு இரண்டு நாள் வேலை செய்தது. மூன்றாம் நாள் அதே தலையாட்டல்.

போன் எடுத்தேன். "புதுப் பம்ப் பதமாக வேணும், நாலு நாள் உழுங்கோ." உழுதேன். "கலப்பை பாரம் கூட." கொத்துக் கலப்பையைக் கழற்றி வெறும் லிப்ட் கையை மட்டும் தூக்கிப் பார்த்தேன், அப்போதும் இறங்கியது. "நாளைக்கு ஆள் அனுப்புறன்." வரவில்லை. பிறகு பொடியன்தான் போனை எடுப்பான்: "முதலாளி வவுனியா போட்டார் அண்ணை." பின்னால் முதலாளியின் குரல் எனக்குக் கேட்கிறது! நேரில் போய் நின்றபோது, புதுப் பம்புக்கு விற்ற கடைதான் பொறுப்பு என்றார். எந்தக் கடை என்றால் பதில் இல்லை. 9 நாள் உழவு போனது. என்னிடம் சொல்லிவைத்திருந்தவர்கள் வேறு மெசின் பிடித்துவிட்டார்கள்.

நேற்று முத்தையன்கட்டுப் பக்கத்து வயதான மெக்கானிக் ஒருவரைக் கெஞ்சிக் கூட்டிவந்தேன். ஒயிலைக் கொஞ்சம் இறக்கி, ஒயில் அளவு பார்க்கிற டிப்ஸ்ரிக் இருக்கிற வலப்பக்க மூடியைக் கழற்றினார். கலப்பையைத் தூக்கி, என்ஜினை நிறுத்தி, "ஒருத்தரும் கிட்டப் போகாதீங்கோ" என்று சொல்லிவிட்டு ரோச் அடித்தார். மேலே லிப்டின் சிலிண்டருக்கு ஒயில் கொண்டுபோகிற நிலைக்குழாய் பம்புக்குள் இறங்குகிற இடத்தில் ஒயில் பிதுங்கி வழிந்துகொண்டிருந்தது. பம்ப் பளபளவென்று வெள்ளிப் பெயின்ற்றில் இருந்தது. ஐயா நகத்தால் சுரண்டினார், தோல் மாதிரி உரிந்து வந்தது. அதற்குக் கீழே மூன்று பொட்டு.

என் அப்பா அடித்த மூன்று பொட்டு.

அதே பம்ப். கழுவிப் பெயின்ற் அடித்ததற்கு 165,000 ரூபா. உண்மையான பிழை அந்தக் குழாயின் ஓ-றிங், ஒயில் கசியாமல் அடைக்கிற றப்பர் வளையம். சப்பளிந்து நாடா மாதிரி வந்தது. சீற்றுக்கு முன்னால் உள்ள சின்ன மூடியைக் கழற்றினால் குழாய் மேலாலேயே வருகிறது, லிப்ட் மூடியைத் தூக்கவே தேவையில்லை. ஓ-றிங் சில நூறு ரூபா. இரவு கலப்பையைத் தூக்கி நிறுத்திவிட்டுப் படுத்தேன், காலையில் அப்படியே நிற்கிறது.

135இல் பம்ப் வெளியே தெரியாது. கியர் ஒயிலுக்குள் மூழ்கிக் கிடக்கிறது. அந்த மறைவில்தான் ஏமாற்றுகிறார்கள். பக்க மூடியைக் கழற்றி உங்கள் கண்ணுக்கு முன்னால் காட்டாமல் பம்ப் போய்விட்டது என்று சொன்னால் நம்பாதீர்கள். மூடி திறந்திருக்கும்போது என்ஜின் ஓடினால் உள்ளே கை வைக்கவே கூடாது. லிப்ட் அடியோடு ஏறாவிட்டால் முதலில் பி.ரி.ஓ. லீவரை (பின்னால் பூட்டுகிற சாமானுக்கு என்ஜின் விசையைக் கொடுக்கிற லீவர்) பாருங்கள், அதைப் போடாமல் பம்ப் சுற்றாது. பழைய சாமானைக் கையில் வாங்குங்கள். பில்லை அன்றைக்கே வாங்குங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்குப் போகலாம் என்கிறார்கள், ஆனால் 165,000 கொடுத்ததற்கு என்னிடம் ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை.

லிப்ட் சிலிண்டரின் றிங் போனால் எப்படிக் கண்டுபிடிப்பது என்றும் ஐயா சொன்னார். அதைப் பிறகு எழுதுகிறேன். மழை இருட்டிக்கொண்டு வருகிறது, வயலுக்குப் போகவேண்டும்.