ராஜாஜியா, காமராஜரா: நேர்மையை ஒதுக்கி வைத்துவிட்டு ஒரு ஒப்பீடு

நல்ல அரசியல் தலைவருக்கு என்ன வேண்டும் என்று நம்மூரில் யாரைக் கேட்டாலும் முதல் பதில் நேர்மை, எளிமை. அடுத்த மூச்சில் காமராஜர் பெயர் வந்துவிடும், வாடகை வீடு, கதர் வேட்டி, சேர்த்து வைக்காத சொத்து என்று பேச்சு நீளும். எல்லாம் உண்மைதான். ஆனால் அதே அளவுகோலை ராஜாஜி மேல் வைத்தால் அவரும் தேறிவிடுகிறாரே! அவரைக் கடுமையாக எதிர்த்தவர்கள் அவர் மேல் வைத்த குற்றச்சாட்டு பணம் பற்றியதே இல்லை. ஆக இந்த இருவரையும் பிரித்துக் காட்ட நேர்மை உதவாது, அது பரீட்சை எழுத வருகிறவனிடம் இருக்க வேண்டிய ஹால் டிக்கெட் மாதிரி, மார்க்கை வேறு எதற்கோதான் போட வேண்டும்.

அறிவுக்கும் துணிச்சலுக்கும் என்றால் யோசிக்காமல் ராஜாஜிக்குப் போடலாம். 1937-ல் முதல்முறை ஆட்சிக்கு வந்ததும் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு கொண்டுவந்தார், அதில் போன வருமானத்தை ஈடுகட்ட 1939-ல் பொது விற்பனை வரி போட்டார், இன்றைக்கு எந்த மாநில அரசும் அந்த வகை வரி இல்லாமல் ஒரு மாதம் ஓட்ட முடியாது. 1942-ல் காங்கிரஸ் முழுக்க வெள்ளையனே வெளியேறு என்று நின்றபோது அது தவறு என்று தனியாளாகச் சொல்லிவிட்டு வெளியே நின்றார். 1952-ல் உணவுக் கட்டுப்பாட்டை நீக்கியதும் அப்படித்தான். ரேஷனை எடுத்தால் விலை எங்கேயோ போய்விடும் என்று பலர் பயந்தார்கள், அவர் எடுத்தார், பயந்தபடி எதுவும் நடக்கவில்லை. கூட்டம் போகிற பக்கம் போகாத இந்தத் தெம்பு காமராஜரிடம் இந்த அளவுக்கு இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

அப்புறம் எங்கே சறுக்கினார்? 1953 தொடக்கப்பள்ளித் திட்டத்தில். கிராமத்துப் பிள்ளைக்குப் பள்ளியில் மூன்று மணி நேரம், மீதி நேரம் வீட்டுத் தொழில். பணமில்லை, பள்ளியில்லை, ஆசிரியரில்லை, இருக்கிற கட்டடத்தில் இரண்டு ஷிப்டு நடத்தினால் இரண்டு மடங்கு பிள்ளைகள் படிக்கலாமே என்பது அவர் கணக்கு, காகிதத்தில் அந்தக் கணக்கு சரியாகக்கூட இருந்திருக்கும். ஆனால் துணி வெளுக்கிறவர் மகனும் பானை செய்கிறவர் மகளும் அப்பன் தொழிலிலிருந்து வெளியே வரத்தான் பள்ளிக்கூடத்துக்கே வந்தார்கள் என்பதை அவர் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. மக்களை விடுங்கள், சொந்தக் கட்சிக்காரர்களிடம்கூட முன்கூட்டிக் கலந்து பேசவில்லை. பெரியாரும் திமுகவும் குலக்கல்வித் திட்டம் என்று தெருவில் இறங்கினார்கள். சட்டமன்றத்தில் வாக்குகள் சரிபாதியாகப் பிரிகிற நிலை வந்தது. அடுத்த ஆண்டு பதவியும் போனது. இதில் எனக்கு வியப்பு என்னவென்றால், 1937-38-ல் கட்டாய இந்தியைக் கொண்டுவந்து இதே மாதிரி சூடுபட்டவர் அவர். பதினைந்து வருடம் கழித்தும், நான் சரியாக யோசித்துவிட்டேன், இனி நீங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி என்கிற அதே போக்கு.

காமராஜர் 1954-ல் வந்த விதத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கட்சித் தலைமைக்கு அவரை எதிர்த்து நின்றவர் ராஜாஜியின் ஆளான சி. சுப்பிரமணியம். காமராஜருக்கு 93 ஓட்டு, சுப்பிரமணியத்துக்கு 41. இந்தக் காலத்தில் என்றால் தோற்றவர் கதை அங்கேயே முடிந்திருக்கும். காமராஜர் அவரையே அமைச்சரவைக்குள் இழுத்து நிதியையும் கல்வியையும் கையில் கொடுத்தார். பழைய கல்வித் திட்டத்தைக் கைவிடுவதாக அறிவித்ததும் அதே சுப்பிரமணியம்தான்! ராஜாஜியின் திட்டத்தை ராஜாஜி பக்கத்து ஆளின் வாயாலேயே முடித்துவைத்தால் கட்சிக்குள் பழிவாங்கல் பேச்சுக்கே இடமில்லை. இதைப் பெருந்தன்மை என்று பாராட்டுகிறவர்கள் பாராட்டட்டும், நான் இதைச் சுத்தமான அரசியல் சாமர்த்தியம் என்றுதான் சொல்வேன், அதில் இழிவாக எதுவும் இல்லை. தலித் சமூகத்தைச் சேர்ந்த பரமேஸ்வரனிடம் அறநிலையத் துறை போனதும் அதே அமைச்சரவையில்தான்.

மதிய உணவையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். யோசனை புதிதல்ல, 1920-லேயே நீதிக்கட்சி கையில் இருந்த சென்னை மாநகராட்சி தன் பள்ளிகளில் சோறு போட்டிருக்கிறது. 1956-ல் காமராஜர் அதை மாநிலம் முழுக்கக் கொண்டுபோகத் தொடங்கியபோது கஜானாவில் பணம் இல்லை, ராஜாஜிக்கும் அதே கஜானாதான். காமராஜர் ஊர் ஊராகப் போய்க் கேட்டார், ஊர்க்காரர்கள் நெல்லும் காய்கறியும் காசும் கொடுத்தார்கள், கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் போட்டுக் கட்டடமும் பெஞ்சும் திரட்டினார். பிள்ளைக்கு அரைநாள் போதும் என்றவருக்கும், முழுநாள் வா, சாப்பாடும் உண்டு என்றவருக்கும் நடுவில் இருந்தது பணம் அல்ல, யாரைப் போய்க் கேட்கிறோம் என்பதுதான்.

இதைப் படித்துவிட்டு காமராஜருக்குக் கோயில் கட்டக் கிளம்ப வேண்டாம். 1963-ல் கட்சி வேலைக்காக முதலமைச்சர் பதவியை அவரே விட்டது பெரிய விஷயம், ஆனால் பின்னால் விட்டுச்சென்றது பக்தவத்சலத்தை. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தை அந்த அரசு போலீஸை வைத்துச் சமாளித்தது, அகில இந்தியத் தலைவராக டெல்லி அரசியலில் இருந்த காமராஜருக்குச் சொந்த மாநிலத்தின் நாடி பிடிபடவில்லை. 1967-ல் விருதுநகரிலேயே சீனிவாசன் என்ற மாணவர் தலைவரிடம் 1,285 ஓட்டில் தோற்றார். ஊர் ஊராகப் போய்க் கேட்டவர் கேட்பதை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு வேறு உதாரணம் தேவையில்லை.

அண்ணாவை ஏன் சேர்க்கவில்லை என்பீர்கள். பேச்சில் இவர்கள் இருவரும் அவர் பக்கத்தில் நிற்க முடியாது, 1963-ல் திராவிட நாடு கோரிக்கையைக் கைவிட்டுக் கட்சியைக் காப்பாற்றிய நிதானமும் லேசுப்பட்டதல்ல. ஆனால் ஆட்சியில் இரண்டு வருடம்கூட முழுதாக இருக்கவில்லை, 1969 பிப்ரவரியில் போய்விட்டார். ஒன்பது வருடத்துக்கு மேல் ஆண்டவரோடு அவரை நிறுத்தினால் யாருக்கும் நியாயமாக இருக்காது.

சரி, யார்? நாளைக்கே ஒரு நெருக்கடி, ஆறு மாதத்தில் நாலு கசப்பான முடிவு எடுத்தாக வேண்டும் என்றால் நான் ராஜாஜியைக் கூப்பிடுவேன். ஒரு மாநிலத்தைக் கையில் கொடுத்துப் பத்து வருடம் நடத்தச் சொன்னால் காமராஜர், மறுபேச்சே இல்லை. தீராமல் நிற்பது சுப்பிரமணியம் ஒருவர்தான். பின்னாளில் மத்திய உணவு, வேளாண்மை அமைச்சராகிப் பசுமைப் புரட்சிக்கு அடித்தளம் போட்டவர் அவர். ராஜாஜி வளர்த்த ஆள், காமராஜர் வெட்டிவிடாமல் வைத்துக்கொண்ட ஆள். அவரை யார் கணக்கில் எழுதுவது என்பதில் நண்பர்களோடு எனக்கு இன்னும் சண்டைதான், நான் காமராஜர் பக்கம்.