"அவருக்கே தெரியாமல் குடியை நிறுத்தும் பொடி": 8,400 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன்

முந்தாநாள் இரவு நடந்தது இது. ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். நீங்கள் ஏமாறாமல் இருக்க என்ன செய்யலாம் என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் ஒன்பது வருடமாகக் குடிக்கிறார். டாக்டர் என்றாலே வர மாட்டார். செல்போனில் விளம்பரம் பார்த்துக் கூப்பிட்டேன். பேசிய பெண் விலையே சொல்லவில்லை. "சாப்டீங்களாக்கா? எங்க அப்பாவும் இப்படித்தான் இருந்தாருக்கா" என்றாள். அங்கேதான் விழுந்தேன். மகளின் ஸ்கூல் ஃபீஸுக்கு வைத்திருந்த 8,400 ரூபாயை அப்போதே அனுப்பினேன்.

வந்தது ஒரு டப்பா. மருந்தின் பெயர் இல்லை, தேதி இல்லை. வெள்ளைப் பொடியும் ஒரு பிளாஸ்டிக் ஸ்பூனும். "குழம்புல கலந்துடுங்க, ருசி மாறாது." கலந்தேன்.

நாலாம் நாள் குடித்துவிட்டு வந்தவருக்கு முகமும் கழுத்தும் செக்கச்செவேல் என்று ஆனது. வாந்தி. நெஞ்சு அடிப்பது சட்டைக்கு மேலேயே தெரிந்தது. அவளுக்குப் போன் போட்டால், "விஷம் வெளியேறுதுக்கா, நல்ல அறிகுறி" என்கிறாள்! ஆட்டோவில் பெரியாஸ்பத்திரிக்கு ஓடினோம். பிரஷர் இறங்கிப்போயிருந்தது.

டைசல்ஃபிரமாக இருக்கலாம் என்றார் டாக்டர். உண்மையான மருந்துதானாம். சாராயம் உடம்பில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சுப்பொருளாக மாறும், இந்த மருந்து அதை மேற்கொண்டு உடைய விடாமல் தேக்கிவிடும். அதனால்தான் அந்தப் பாடு. இதயத்தையும் ஈரலையும் சோதித்து, குடிப்பவரின் சம்மதத்தோடு மட்டுமே கொடுக்க வேண்டியது. நிறுத்தினாலும் 14 நாள் வரை உடம்பில் வேலை செய்யுமாம். அதைத்தான் நான் குழம்பில் போட்டிருக்கிறேன்.

நேற்று பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "நீங்க அளவு தப்பா போட்டிருப்பீங்க." அப்புறம் மேனேஜராம், இன்னும் 5,600 கட்டினால் இரண்டாவது கோர்ஸ் அனுப்புவாராம். இன்று என் நம்பரையே பிளாக் செய்துவிட்டார்கள். 8,400 ரூபாய்!

பணம் போனதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். காலையில் இட்லி வைத்தேன். சட்னியை முகர்ந்து பார்த்துவிட்டுத் தட்டைத் தள்ளிவிட்டார்.

சரி, சொல்ல வந்தது. பெயர் போடாத பொடியை வாங்காதீர்கள். தெரியாமல் எதையும் கலக்காதீர்கள். குடிக்கும் ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் என்று மாத்திரைகள் இருக்கின்றன, மனநல டாக்டர் பார்த்து எழுதித் தருவார். தினமும் குடிப்பவரை டாக்டர் இல்லாமல் திடீரென்று நிறுத்த வைக்காதீர்கள், வலிப்பு வரலாம். போதை மீட்பு உதவிக்கு 14446, இலவசம். அவர் எழுந்துவிட்டார், போகிறேன்.