பழவேற்காடா, மாமல்லபுரமா? வெளிநாட்டிலிருந்து படிக்க வந்த நண்பர்களோடு ஒரு வார இறுதி

என்னோடு எம்.ஏ. படிப்பவர்களில் நான்கு பேர் வெளிநாடு. இரண்டு பேர் மலேசியத் தமிழர்கள், ஒருத்தி யாழ்ப்பாணம், ஒருவர் மொரிஷியஸ். என் வீடு ராயபுரத்தில் என்பதால் சனி ஞாயிறு எங்கே போகலாம் என்ற கேள்வி எப்போதும் என்னிடம்தான் வரும். போன பருவத்தில் ஆறு பேராக, சென்னைக்கு வடக்கே ஏரிக்கரையில் இருக்கும் பழவேற்காட்டுக்கும் தெற்கே மாமல்லபுரத்துக்கும் போய்வந்தோம். என் ஓட்டு பழவேற்காட்டுக்குத்தான். ஆனால் எல்லாருக்கும் அது ஒத்துவராது.

முதலில் போக்குவரத்து. வடசென்னையிலிருந்து மாமல்லபுரம் போக ஊரையே வடக்கிலிருந்து தெற்காகத் தாண்ட வேண்டும். திருவான்மியூர் போய்ச் சேர்ந்த பிறகுதான் கிழக்குக் கடற்கரைச் சாலையே (ஈசிஆர்) தொடங்குகிறது, அதற்குள் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். பழவேற்காட்டுக்கு கொருக்குப்பேட்டையில் கும்மிடிப்பூண்டி மின்சார ரயில் ஏறி பொன்னேரியில் இறங்கினால் போதும், அங்கிருந்து பஸ். எண்ணூர் தாண்டி கொசஸ்தலை ஆற்றுப் பாலத்தில் ரயில் போகும்போது எல்லாரும் கதவுப் பக்கம் வந்து நின்றார்கள். இந்த ஊரின் மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று அனல் மின் நிலையப் புகைபோக்கிகளைக் காட்டிச் சொன்னேன். சென்னைக்குப் படிக்க வந்தவர்கள் அதையும் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

அடுத்தது காசு. மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயில், ஐந்து ரதம் பார்க்க இந்தியருக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600. சார்க், பிம்ஸ்டெக் என்ற அண்டை நாடுகளின் கூட்டமைப்புகளில் இருக்கும் நாட்டவருக்கு இந்தியக் கட்டணம்தான், அதனால் யாழ்ப்பாணத் தோழிக்கு 40, மலேசிய நண்பர்களுக்கு 600. ஒரே மேசையில் சாப்பிடுகிறவர்கள் கவுன்டரில் வேறு வேறு வரிசையாகப் பிரிந்தபோது எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது. மொத்தத் தொகையை ஆறால் வகுத்துக்கொண்டோம், நீங்களும் கிளம்பும் முன்பே இதைப் பேசிவிடுங்கள். அர்ச்சுனன் தபசைச் சாலையில் நின்றே காசில்லாமல் பார்க்கலாம். அதில் ஒரு பூனை முன்னங்கால்களைத் தூக்கித் தவம் செய்கிறது, காலடியில் எலிகள். அந்த மூலையை விட்டு எங்களால் வெகுநேரம் நகர முடியவில்லை. அழகில் மாமல்லபுரத்தோடு போட்டி போட பழவேற்காட்டால் முடியாது, 1984 முதல் உலகப் பாரம்பரியச் சின்னமாக இருக்கும் ஊர் அது.

இரவு தங்குவதென்றாலும் மாமல்லபுரம்தான். வெளிநாட்டவர் தங்கினால் லாட்ஜ்காரர் பாஸ்போர்ட், விசா விவரங்களை அரசிடம் பதிய வேண்டும், அங்கே அது பழகிப்போன வேலை. பழவேற்காட்டைக் காலையில் போய் மாலையில் திரும்பும் ஊராக வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஏன் பழவேற்காடு என்றால், அங்கே இருக்கும் பழைய டச்சுக் கல்லறைத் தோட்டத்துக்காகத்தான். வாசலின் இரண்டு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கும். கதவு பூட்டியிருந்தது, பக்கத்தில் விசாரித்ததும் ஒரு பெரியவர் வந்து திறந்துவிட்டார். உள்ளே பெரிய பெரிய கற்பலகைகள், குடும்பச் சின்னங்கள், பழைய டச்சு எழுத்து. மலேசியாவின் மலாக்காவிலிருந்து வந்த நண்பர் ஒரு பலகை முன்னால் குனிந்து எழுத்துகளை விரலால் தடவிக்கொண்டே, "இதே மாதிரி எங்க ஊர்லயும் இருக்கு" என்றார். யாழ்ப்பாணத் தோழி தங்கள் கோட்டையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். டச்சுக்காரர்கள் 1613இல் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள், மலாக்காவைப் பிடித்தது 1641இல், யாழ்ப்பாணத்தை 1658இல். இந்தக் கரையில் நெய்த துணி கப்பலேறி கிழக்கே போய் மசாலாவுக்குப் பண்டமாற்றாகியிருக்கிறது. அடிமைகளாக மனிதர்களும் இங்கிருந்து கப்பலேற்றப்பட்டார்கள். அதைச் சொன்னதும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. மாமல்லபுரத்தில் அவர்கள் விருந்தாளிகளாகச் சுற்றிப் பார்த்தார்கள், இங்கே தங்கள் ஊர்க்கதையின் விட்டுப்போன பக்கத்தைப் படித்தார்கள்.

போவதானால் மழை ஓய்ந்து தை பிறந்த பிறகு போங்கள், பூநாரைகள் ஏரியில் தூரத்தில் வெளிர் சிவப்புக் கோடாகத் தெரியும். யார் கூப்பிட்டாலும் படகில் மட்டும் ஏறாதீர்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று படகு கவிழ்ந்து 22 பேர் இறந்த ஏரி அது. பெண்கள் நல்ல கழிப்பறையைப் பொன்னேரியிலேயே பார்த்துக்கொள்வது நல்லது. சாப்பாட்டுக்கு நண்டுக் குழம்பு. காசிமேட்டு மீனில் வளர்ந்த நானே இரண்டாம் முறை சோறு வாங்கினேன்.

திரும்பும் பஸ்ஸின் நேரத்தை இறங்கியவுடனே நடத்துநரிடம் கேட்டு வையுங்கள். நாங்கள் கேட்கவில்லை, இருட்டிய பிறகு ஒரு ஷேர் ஆட்டோ அண்ணனைக் கெஞ்சித்தான் பொன்னேரி வந்து சேர்ந்தோம்.