ஓப்பன் ஜிம்மா, ஷட்டில் கோர்ட்டா?

தர்மபுரியில் எங்க வார்டு பூங்காவைப் புதுப்பிக்கிறதா பேச்சு. காலியா கிடக்கிற மூலைக்கு இரண்டில் ஒன்றுதான்.

இடம்: கோர்ட்டுக்குக் கோட்டுக்குள்ளேயே 44-க்கு 20 அடி வேணும், சுற்றிலும் விடணும். ஜிம் கருவிகளை வேப்பமரத்தடியில் பிரிச்சு நடலாம்.

பராமரிப்பு: கோர்ட்டில் வலை கிழியும், பசங்களே காசு போட்டு மாத்திடுவாங்க. ஜிம்மில் பேரிங்தான் முதலில் போகும். நான் பார்த்த ஒரு பூங்காவில் கிரீஸ் காணாத சைக்கிள் கீச்சிட்டு, கடைசியில் அசையாம நின்னுடுச்சு. இப்போ அதன்மேல துண்டு காயுது.

காற்று, வெயில்: ஆடிக்காற்றில் இறகுப்பந்து எதிர்வீட்டு மாடிக்குப் போகும். சித்திரை வெயிலில் ஜிம் கம்பியைத் தொடவே முடியாது.

மாலையில் இளவட்டம் திரளும் இடம்னா கோர்ட். காலையில் நடக்க வர்ற பெரியவங்களும் பெண்களும் அதிகம்னா ஜிம். எங்க மூலையில் நிழல் இருக்கு. என் ஓட்டு ஜிம்முக்கு, கூடவே ஒரு கிரீஸ் டப்பாவும்.