நாட்டு மரத் தோட்டமும் அதை ஒட்டிய கோயில் காடும்

காரைக்குடியில் பழைய மரச் சாமான் கடை வைத்திருப்பவன் நான். தூண், நிலை, கதவு என்று எது வந்தாலும் நகத்தால் கீறிப் பார்த்துவிட்டுத்தான் விலை பேசுவேன். இந்தத் தோட்டத்தையும் அதே கண்ணோடுதான் பார்த்தேன். பூச்செடியும் புல்வெளியும் தேடுகிறவர்களுக்கு என் மதிப்புரை பயன்படாது.

கானாடுகாத்தானைத் தாண்டி, ஐயனார் கோயில் காட்டை ஒட்டிய செம்மண் மேட்டில் ஊர்க்காரர்களே நாட்டு மரங்களாகத் தேடி நட்டு வளர்க்கிறார்கள். சுற்றிலும் தைல மரம், கண்மாய்க்குள் சீமைக்கருவேலம். 1877-இல் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த சீமைக்கருவேலத்துக்கு நாம் விட்டுக்கொடுத்த இடத்தில் காலே அரைக்கால் பங்கையாவது உசிலைக்கும் வீரைக்கும் விட்டிருக்கலாம். நுழைவுக் கட்டணம் கிடையாது, உண்டியல் உண்டு.

நட்டு வளர்த்த பகுதியில் நகரத்தார் கோயில்களின் தலமரங்களுக்கென்று ஒரு வரிசை இருக்கிறது. பிள்ளையார்பட்டிக்கு மருதம், வைரவன்பட்டிக்கு அழிஞ்சில். எண்ணம் நல்லதுதான். ஆனால் மருதம் ஆற்றங்கரை மரமல்லவா? அதை மேட்டில் நட்டுச் சொட்டுக் குழாயில் உயிர் பிழைக்க வைத்திருக்கிறார்கள். சித்திரையில் குழாய் அடைத்துக்கொண்டால் தீர்ந்தது கதை. ஊருணிக் கரையில் நட்டிருக்க வேண்டும். பெயர்ப் பலகைகளில் பாதி வெளுத்துவிட்டன. மீதியில் தாவரவியல் பெயர் கொட்டை எழுத்தில், ஊரில் வழங்கும் பெயர் பொடி எழுத்தில். உசிலை இலையை இடித்த அரப்பைத் தேய்த்துக் குளித்த காலத்து ஆச்சி ஒருவர் அந்த உசிலை மரத்தடியில் நின்றுகொண்டே, “இது என்னப்பா மரம்?” என்று மகனிடம் கேட்டார். மகன் கைப்பேசியில் தேடினார்.

பெரும்பாலோர் இதோடு திரும்பிவிடுகிறார்கள். பார்க்க வேண்டியதே இனிமேல்தான் இருக்கிறது.

கோயில் காடு வெளியிலிருந்து பார்த்தால் வெறும் முள். காரையும் சூரையும் வேட்டியைப் பிடித்து இழுக்கும். உள்ளே போனால் வீரை, பாலை, காசா. மழை குறைந்த சீமையிலும் ஆண்டு முழுவதும் பச்சை மாறாத மரங்கள். கூட வந்த தம்பி ஒரு காரைப் புதரைக் கோலால் விலக்கிக் காட்டினார். நடுவே ஒரு முழ உயரத்தில் பாலைக் கன்று. தோல் போல் தடித்த இலை, நுனியில் மட்டும் லேசாக உள்வாங்கியிருந்தது.

“இதை யாரும் நடவில்லை ஐயா. பறவை தின்று போட்ட விதை. முள்ளை வெட்டினால் மறுநாளே ஆடு கடித்துவிடும்” என்றார்.

பாலை வைரம் பாய்ந்தால் தண்ணீரில் போட்டாலும் மூழ்கும், அவ்வளவு கனம். பர்மாத் தேக்கைக் கப்பலில் கொண்டுவந்து இழைத்த வீடுகளிலிருந்து என் கடைக்கு வந்த உலக்கைகளில் பாலை இருந்திருக்கிறது. தேக்குத் தூணுக்கு ஆள் ஆளாக விலை கேட்பார்கள். உலக்கையைச் சீந்த ஆளில்லை. வளர அத்தனை காலம் எடுக்கும் மரத்துக்குக் காவல், எடுத்துக் கட்டினால் அரை வண்டிக்குக்கூடக் காணாத அந்த முள்புதர்தான்.

இது தெரிந்த ஊர்க்காரர்களே, சுத்தம் செய்கிறோம் என்று வாசல் பக்கத்துப் புதரையெல்லாம் இயந்திரம் வைத்து வழித்துக் கார் நிறுத்த இடம் செய்திருக்கிறார்கள். கேட்டால், வருகிறவர்கள் வசதி கேட்கிறார்களாம். ஐந்து நட்சத்திரத்தில் ஒன்றை அதற்காகவே குறைத்தேன். கார்களை ரோட்டோரம் நிறுத்திவிட்டு நடந்து வந்தால் யாருக்கும் கால் தேய்ந்துவிடாது.

நாற்றங்காலில் கன்று 20 ரூபாய். வேம்பும் புங்கனும் எந்த நர்சரியிலும் கிடைக்கும். இங்கே வீரை, காசா இருக்கிறதா என்று கேளுங்கள். கழிப்பறை சுத்தம். குடிதண்ணீர் கையோடு கொண்டு போவது நல்லது. கோயில் காட்டுக்குள் செருப்பைக் கழற்றச் சொல்வார்கள், வழியெல்லாம் நெருஞ்சி. காலை எட்டு மணிக்குள் போய்விடுங்கள். அதற்குமேல் முள்ளோடு சூடும் சேர்ந்துகொள்ளும்.