ஆமைக்கு ரத்தம் எங்கே எடுப்பது: கழுத்திலா, ஓட்டுக்கு அடியிலா, வாலிலா?

போன மாதம் பினாங்கு ஆயர் ஈத்தாமிலிருந்து ஓர் அண்ணன் பிளாஸ்டிக் வாளியில் ஆமையைத் தூக்கிக்கொண்டு எங்கள் கிளினிக்குக்கு வந்தார். கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பட்டை உள்ள வகை. கெக் லோக் சி கோயில் குளத்தில் கங்கோங் கீரைக்கு முண்டியடிக்கும் கூட்டத்தில் பார்த்திருப்பீர்கள். கையில் வேறோர் இடத்தில் எடுத்த ரிப்போர்ட். பிசிவி 12 என்று போட்டு, பக்கத்தில் கீழ்நோக்கி ஓர் அம்புக்குறி.

“உடம்பில ரத்தமே இல்லைங்கிறாங்க தங்கச்சி. ஆமை புகுந்த வீடு உருப்படாதுன்னு அம்மா அப்பவே சொன்னாங்க. இப்ப ஆமையே உருப்படாது போலிருக்கு” என்றார். ஆமையோ என் கையுறையைக் கடிக்கக் குறி பார்த்துக்கொண்டிருந்தது.

ரத்தத்தை மெல்லிய கண்ணாடிக் குழாயில் நிரப்பிச் சுழற்றினால் செல்கள் அடியில் படியும். மொத்தத்தில் அவற்றின் பங்குதான் பிசிவி. நன்னீர் ஆமைக்குப் பொதுவாக 20 முதல் 35 சதவீதம் வரை இருக்கும். 12 உள்ள ஆமை பொதுவாகத் துவண்டு கிடக்கும், இப்படிக் கடிக்க வராது. டாக்டர் கழுத்தில் எடுத்துப் பார்த்தார்: 26. இடையில் நான்கே நாள், மருந்து எதுவும் இல்லை.

முதல் முறை எடுத்தது ஓட்டுக்கு அடியில். கழுத்துக்கு மேலே, ஓட்டின் முன்விளிம்புக்குக் கீழே ஊசியைச் செருகும் முறை அது. சீக்கிரம் முடியும். ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டாலும் எடுக்கலாம், பிடிக்க இன்னொரு ஆள்கூட வேண்டாம். ஆனால் குருட்டாம்போக்கில் குத்துவதுதான். ரத்தக்குழாய்க்குப் பக்கத்திலேயே நிணநீர், அதாவது சிவப்பணு இல்லாத உடல்நீர், ஓடுகிறது. இரண்டும் கலந்தால் தண்ணீர் ஊற்றிய பால் கதைதான்: பிசிவி இறங்கும், புரதம் இறங்கும், வெள்ளையணுக் கணக்கும் புரளும். சிரிஞ்சில் ரத்தம் வெளிறித் தெரிந்தால் கொட்டிவிட்டு மறுபடி எடுக்க வேண்டும். முதுகுத்தண்டும் அருகில்தான். அரிதாக நரம்பு பாதித்துக் கால் செயலிழந்ததும் உண்டு.

கழுத்தில் எடுப்பதற்குப் பொறுமை வேண்டும். நான் தலையை மெல்ல வெளியே இழுத்துப் பிடிக்க, டாக்டர் கழுத்தின் அடிப்பகுதியை விரலால் அழுத்துவார். காதுப் பக்கத்திலிருந்து கீழ்நோக்கி ஒரு ரத்தக்குழாய் நூல்போலப் புடைக்கும். கண்ணால் பார்த்துக் குத்துவதால் நிணநீர் கலப்பது மிகக் குறைவு. எடுத்த பிறகு சில நிமிடம் விரலை அழுத்தியே வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் ரத்தம் கட்டிக்கொள்ளும். என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் நம் ஊர்ப் பெட்டி ஆமையிடம் இது பலிக்காது. வயிற்று ஓட்டைக் கதவுபோல மூடிக்கொண்டால் மயக்க மருந்து கொடுக்க வேண்டும், அல்லது உட்கார்ந்து காத்திருக்க வேண்டும். மென்ஓட்டு ஆமையிடம் கழுத்துக்கே போக வேண்டாம். தலையை முதுகுப்பக்கம் திருப்பிக் கடித்துவிடும்.

வால் இரண்டுங்கெட்டான். பெரிய ஆமைக்கு, முக்கியமாக வால் தடித்த ஆணுக்கு, கைகொடுக்கும். அதுவும் பார்க்காமல் குத்துவதுதான், நிணநீர்க் கலப்பும் உண்டு. நகத்தை வெட்டிச் சொட்டு எடுப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம். வலியும் மிச்சம், அழுக்கும் மிச்சம்.

எங்கே எடுத்தாலும் அளவு முக்கியம். ஆமையின் எடையில் 5 முதல் 8 சதவீதம்தான் ரத்தம். நல்ல நிலையில் உள்ள ஆமையிடம் 100 கிராமுக்கு 0.5 மில்லிக்கு மேல் எடுப்பதில்லை. உள்ளங்கைக் குட்டிக்கு இது சில சொட்டுதான். அப்புறம் குழாய். நாய், பூனைக்குப் பழகிய கை ஊதா மூடியைத் தேடிப் போகும். ரத்தம் உறையாமலிருக்க அதிலுள்ள இடிடிஏ என்ற மருந்து பல ஆமைகளின் சிவப்பணுவை உடைத்துவிடும். பச்சை மூடி, அதாவது லித்தியம் ஹெப்பாரின், அதுதான் சரி. ஹெப்பாரின் பட்ட ரத்தத்தில் சாயம் நீலம் பூத்துவிடும். அதனால் ஊசி முனையிலிருந்தே ஒரு சொட்டைச் சிலைடில் இழுத்து வைத்துக்கொள்வேன்.

அந்தச் சிலைடுதான் என் கட்சி. மனிதர், நாய் ரத்தத்துக்கான எண்ணும் எந்திரத்தை ஆமையிடம் நம்ப முடியாது. ஆமையின் சிவப்பணுவுக்குள் உட்கரு இருக்கிறது. எந்திரம் அதை வெள்ளையணு என்று குழப்பிக்கொள்ளும். மைக்ராஸ்கோப்பில் 100 வெள்ளையணுவை ஒவ்வொன்றாக எண்ண எனக்குக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆனால் ஆரஞ்சு நிறக் குச்சித் துகள்கள் நிறைந்த ஹெட்டரோஃபில் என்ற வெள்ளையணு கூடியிருக்கிறதா என்று தெரிந்துவிடும். கூடியிருந்தால் அழற்சியோ மன உளைச்சலோ இருக்கலாம். சில நேரம் சிவப்பணுவுக்குள்ளேயே வாழைப்பழ வடிவில் ஓர் ஒட்டுண்ணி படுத்திருக்கும். நன்னீர் ஆமைகளுக்கு அதைப் பரப்புவது அட்டை. எந்த எந்திரமும் இதைச் சொன்னதில்லை.

ரசாயனப் பரிசோதனைக்கு எந்திரம் போதும், படிக்கத் தெரிய வேண்டும். முட்டை உருவாகும் பெண் ஆமைக்குக் கால்சியம் எகிறும். ரிப்போர்ட் அதைச் சிவப்பில் காட்டும், அது நோயில்லை. கிரியாட்டினினை வைத்து ஆமையின் சிறுநீரகத்தை எடைபோட முடியாது. முட்டை சிக்கியிருக்கிறதா, நுரையீரலில் சளியா என்றால் ரத்தத்தைவிட எக்ஸ்ரே மேல்.

அந்த அண்ணன் நேற்று மறுபரிசோதனைக்கு வந்தார். பிசிவி 27. ரிப்போர்ட்டின் மூலையில் ‘வலது கழுத்து, தெளிவான ரத்தம்’ என்று எழுதிக் கொடுத்தேன். “எண்ணுக்குப் பக்கத்துல இது எதுக்கு?” என்றார். பழைய 12-ஐ எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அதில் எங்கே குத்தினார்கள் என்ற வரியே இல்லை.